சைக்கிளில் செல்பவர் சாலையில் கிடப்பதை நின்று அகற்ற வேண்டுமா?

வழியில் கண்ணாடியோ கல்லோ கிடந்தால் சைக்கிளை நிறுத்தி அகற்றுவதாகவும், விழுந்து கிடப்பவர்களுக்குக் கைகொடுப்பதாகவும், ‘இதெல்லாம் உன் வேலையா’ என்று உடன் வருபவர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இரக்கமற்றவர்களாக இருக்க மாட்டார்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் கேட்டிருப்பார்கள். நிற்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்று ஒருவர் விழக் காரணமானவன் நான் என்பதால், இந்தக் கேள்வியை அப்படியே கடந்துபோக என்னால் முடியவில்லை.

முதலில், ஏன் சைக்கிளில் செல்பவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடுகிறது. சாலையில் கிடப்பது என்னவென்று ஓட்டுநருக்குப் புரிவதற்குள் அது அவருக்குப் பின்னால் போய்விடும். அவர் நிற்க நினைத்தாலும் அந்த வண்டியை ஒதுக்கி நிறுத்த இடம் வேண்டும். நாமோ பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில், கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு போகிறோம். லாரி டயர் வெடித்த இடத்தில் சிதறும் தலைமுடி போன்ற எஃகுக் கம்பி மற்றவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கார் டயரின் தடித்த ரப்பரை ஒன்றும் செய்யாத கண்ணாடிச் சில்லு, நம் டயரில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக உள்ளே இறங்கி, சில கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு டியூபைத் துளைக்கிறது. இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் நாம். ஆகையால் சாலையில் கிடப்பது நம் கண்ணில்தான் முதலில் படுகிறது. நிற்பதற்கும் நாம் ஒரு காலை ஊன்றினால் போதும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன், வெளிச்சம் சரியாக வராத ஒரு காலை நேரம். இறக்கம் முடியும் இடத்தில் இருந்த வளைவு ஒன்றில், பின்கதவு சரியாக மூடப்படாத ஏதோ ஒரு லாரியிலிருந்து ஜல்லி சிந்திக் கிடந்தது. ஜல்லியின் மேல் ஏறும் சக்கரம் தார்ச்சாலையைத் தொடுவதே இல்லை. கற்கள் அதன் அடியில் உருளுகின்றன. நேர் பாதையில் வேகத்தை மெல்லக் குறைத்துத் தப்பித்துவிடலாம். வளைவில் சாய்ந்தபடி வரும் இருசக்கர வண்டி அதன்மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கிவிடும். இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்ததால்தான் நின்றேன்.

சைக்கிளை ஓரத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, கிடைத்த ஒரு பலகைத் துண்டால் கற்களை ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் தள்ளியிருப்பேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவும் மனத்தில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது மோட்டார் சைக்கிளில் ஒருவர் இறங்கி வந்தார். வளைவைத் திரும்பியதும் அவர் கண்ணில் பட்டது ஜல்லி இல்லை; பாதையின் நடுவில் குனிந்து நின்ற நான். வண்டி ஓட்டுபவர் எதைப் பார்க்கிறாரோ அந்தத் திசைக்கே வண்டியும் போகும் என்பது இருசக்கர வண்டி பழகிய எவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் இருந்ததோ மிச்ச ஜல்லிக்கு நடுவில். பிரேக்கை இறுக்கினார். நான்கு அடி தூரத்தில், என் கண் முன்னால் விழுந்தார்.

விழுந்தவரை நோக்கி ஓடுவதுதான் இயல்பு. நானும் இரண்டு அடி எடுத்து வைத்தேன். ஆனால் அவர் கிடந்தது அதே வளைவு. அடுத்து வரும் வண்டியும் எங்களைக் கடைசி நொடியில்தான் பார்க்கும். ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடி, வளைவுக்கு ஐம்பது அடி முன்னதாகவே கண்ணில் படும்படி நிறுத்தி, பின்னால் இருந்த சிவப்பு விளக்கை மின்ன விட்டேன். ‘போகாதீங்க’ என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வந்தபோது அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது, கால்கள் அசைந்தன, தாமாகவே எழுந்து ஓரத்துக்கு வந்துவிட்டார். தலைக்கவசத்தையும் அவரே கழற்றினார், நான் தொடவில்லை. கழுத்தில் அடி இருக்கக்கூடும் என்பதால், மூச்சுவிடச் சிரமப்பட்டாலொழிய அதை மற்றவர் கழற்றக் கூடாது. முன்கை கிழிந்து இரத்தம் வழிந்தது. மடித்த துண்டை அதன்மேல் வைத்து, இரத்தம் நின்றதா என்று நடுவில் தூக்கிப் பார்க்காமல் அழுத்திப் பிடித்திருந்தேன். அந்த நிலையிலேயே ஆம்புலன்சுக்கும் பேசினேன்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ‘இவர் நடு ரோட்டில் நின்றார், அதனால்தான் விழுந்தேன்’ என்று அவர் சொன்னார். எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. ஜல்லியைக் காட்டினேன். நான் தள்ளியது போக மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். யாருக்கும் அது ஒரு காரணமாகத் தெரியவில்லை. மருத்துவமனைக்கு அவருடனேயே போனேன். ஆறு தையல். வெளியே வந்தபோது அவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை, எதுவுமே பேசவில்லை. நான் அங்கே இல்லாதிருந்தால் அவர் ஓரமாகவே வந்து தப்பித்திருப்பாரா, அல்லது முழு ஜல்லியிலும் சிக்கி இன்னும் மோசமாக விழுந்திருப்பாரா என்பதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

‘அப்படியென்றால் நிற்காமல் போயிருக்கலாமே’ என்று சிலர் இதன் கீழே எழுதுவீர்கள் என்று தெரியும். நான் நின்றது தவறில்லை, நின்ற இடம்தான் தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாலைப் போக்குவரத்துக்கான 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, சாலையில் எதையாவது போட்டு இடையூறு செய்தவர் அதை விரைவில் அகற்ற வேண்டும் என்றும், உடனே அகற்ற முடியாவிட்டால் மற்றவர்களை எச்சரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கடமை சிந்திய லாரிக்காரருடையது, என்னுடையது இல்லை என்பதும் உண்மைதான். அவர் போய்விட்டார், ஜல்லி போகவில்லை. விழுந்தவருக்கு உதவப் போனால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில், உதவ முடிந்தும் உதவாமல் போவதுதான் குற்றம்.

சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்திடம் சொல்லலாமே என்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வாரமே புகார் செய்தேன். புகார்ப் படிவத்தில் வாகனப் பதிவு எண்ணைக் கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். சைக்கிளுக்கு ஏது எண்? நேரில் போய்க் கேட்டபோது, வண்டி வைத்திருக்கும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றார்கள். தினமும் அந்தச் சாலையில் இரண்டு முறை போகும் ஒருவன் அந்தச் சாலையைப் பற்றிப் பேச உரிமை இல்லாதவனாக நடத்தப்பட்டது, ஆறு தையலுக்கு அடுத்தபடியாக என்னை உறுத்துகிறது. கடைசியில் நண்பர் ஒருவரின் பெயரில்தான் அந்தப் புகார் பதிவானது.

இப்போது நான் கடைப்பிடிக்கும் வரிசை இதுதான். எதைக் கண்டாலும் அதன் அருகில் நிற்பதில்லை; வண்டிகள் வரும் திசையில், வளைவோ மேடோ இருந்தால் அதற்கும் முன்னால், சைக்கிளை விளக்கோடு நிறுத்துகிறேன். தலைக்கு மேல் கையை ஆட்டினால் வண்டியில் இடம் கேட்கிறேன் என்று நினைத்து வேகமாகப் போய்விடுகிறார்கள். உள்ளங்கையைத் தரை பார்க்கப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறார்கள். ஒரே மூச்சில் தூக்கிப்போடக்கூடிய கல், கட்டை என்றால், இரு பக்கமும் வண்டி இல்லாதபோது மட்டும் இறங்கி எடுக்கிறேன். கண்ணாடியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த ஓரத்தில்தான் நம்மைப் போன்றவர்களும் நடப்பவர்களும் போகிறார்கள். பையில் ஒரு தடித்த கையுறையும் சின்னத் தூரிகையும் பழைய செய்தித்தாளும் இருந்தால் அதைச் சுற்றி எடுத்துப்போய்விடலாம். எண்ணெய் சிந்தியிருந்தாலும், வேகமான சாலையில் எது கிடந்தாலும், இறங்காமல் ஓரத்திலிருந்து எச்சரித்தபடியே அவசர எண்ணுக்குப் பேசுகிறேன்.

உங்களைப் பார்த்து இன்னொருவரும் நின்றால், அவர் பெரும்பாலும் உங்களோடு சேர்ந்து கல்லைப் பொறுக்கத்தான் வருவார். அவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முன்னால் போய் நின்று வருகிறவர்களின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அன்று அந்த மேட்டில் அப்படி ஒருவர் நின்றிருந்தால், அந்த முன்கை கிழிந்திருக்காது.