புகை ஜன்னலுக்குப் பாதி விலையில் சர்வீஸ்: எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி உச்சியில் தானாகத் திறக்கும் புகை ஜன்னலும், கீழ்த்தள பார்க்கிங்கில் புகையை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன்களும் இருக்கின்றன. இதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. இப்போது சர்வீஸ் செய்யும் நிறுவனம் கேட்பதில் பாதிக்கே செய்து தருவதாக வேறொருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மாற்றிவிடலாமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம். அந்தப் பச்சை விளக்கு, பேனலுக்குக் கரண்ட் வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. பெயின்ட் அடித்தவர் ஜன்னல் விளிம்பையும் சேர்த்துப் பூசி ஒட்ட வைத்திருந்தாலும், கீல் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் அது எரியத்தான் செய்யும். தீ விபத்தில் நெருப்பு நெருங்கும் முன்பே ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் புகையும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடும்தான். தப்பிக்க இருப்பதே அந்தப் படிக்கட்டு என்றால், ஜன்னல் திறந்தே ஆக வேண்டும்.

ஆகவே இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: மெயின் சப்ளையை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் திறந்து காட்டுவீர்களா? தீப்பிடித்தால் முதலில் போவது கரண்ட்டாக இருக்கலாம். பேனலுக்குள் பொதுவாக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். 4 ஆண்டு வாக்கில் மாற்றச் சொல்வார்கள். உங்களுடையதில் என்ன தேதி எழுதியிருக்கிறது என்று மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தேதியே இல்லையென்றால் மாற்றியே இருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். பட்டனை அழுத்தியதும் ஜன்னல் 60 வினாடிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டு "மோட்டார் கொஞ்சம் டைட், போகப் போகச் சரியாகிவிடும்" என்றால் நம்பாதீர்கள். புகை மேலே போக வேண்டுமானால் கீழிருந்து காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும், அதையும் பழைய சாமான் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பார்க்கிங் ஃபேனில் வேறொரு வம்பு. வயரிங் வேலைக்குப் பிறகு மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறிவிட்டால், குழாய்க்குள் பொருத்தும் ஆக்ஸியல் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் என்னவோ வழக்கம்போலத்தான் கேட்கும். ஃபேனை ஓடவிட்டு, புகையை இழுக்கும் கிரில்லில் ஒரு தாளை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் தப்பு. மோட்டார் மாற்ற நேர்ந்தால் மலிவாகக் கிடைக்கும் சாதா மோட்டாரை ஏற்காதீர்கள். 300 டிகிரியில் 1 மணி நேரம், 400 டிகிரியில் 2 மணி நேரம் என்பது போலச் சூடு தாங்கும் அளவு பெயர்ப்பலகையில் இருக்கும்; பழையதற்குக் குறைவாக இருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் "பார்வையிடல்" என்று மட்டும் போட்டிருந்தால் பாதி விலைகூட அதிகம். ஒவ்வொரு ஜன்னலையும் ஃபேனையும், புகைக் குழாயைத் திறந்து மூடும் தகடான டேம்பரையும் இயக்கிப் பார்த்தார்களா, ஃபயர் அலாரம் அடித்தபோது தானாக இயங்கியதா என்று இடவாரியாக எழுதித் தர வேண்டும். பேட்டரியும் உதிரிபாகமும் அடக்கமா, அவசரத்துக்குக் கூப்பிட்டால் தனிக் கட்டணமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் புதியவர் ஒத்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன்பே உங்கள் கண்ணெதிரில் செய்து காட்டினால் தாராளமாக மாறலாம். இப்போதுள்ளவர் ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறார் என்றால் எதற்கு மாற்ற வேண்டும்?

சோதனை முடிந்ததும் மெயின் சுவிட்சைத் திரும்பப் போட்டார்களா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அதை மறந்து போகிறவர்களும் உண்டு.