நாவல் பழம், நாவல் கொட்டை, நீரிழிவு: கேள்வி பதில்

மூலிகை வேதியியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், நாவல் பற்றி வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாவல் பழத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், சர்க்கரை ஏறாது என்கிறார்களே?

பதில்: ஏறும். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 14 முதல் 16 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. ஆப்பிளைவிட இது குறைவில்லை. துவர்ப்பு இருப்பதால் இனிப்பு நாக்குக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். சாப்பிடுவதற்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பழத்தின் பெருமையை நான் சொல்வதைவிட அந்த இரண்டு எண்கள் தெளிவாகச் சொல்லும். சாறாகக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் நீரிழிவுக்கு நாவல் என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: பெரும்பாலும் கொட்டையால் வந்த பெயர். மரப்பட்டைக்கும் பங்கு உண்டு. சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரில் அது சேர்கிறது. பழம், கொட்டை, இலை, பட்டை நான்கையும் 'நாவல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒவ்வொன்றிலும் உள்ள வேதிப்பொருட்களும் அவற்றின் அளவும் வேறு.

1921இல் இன்சுலின் கண்டறியப்படும் வரை இந்நோய்க்கு உருப்படியான மருந்தே கிடையாது. அந்த நிலையில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவர்கள்கூட நாவல் கொட்டையைச் சோதித்துப் பார்த்தார்கள்.

கொட்டைப் பருப்பில் எல்லாஜிக் அமிலம், காலிக் அமிலம், துவர்ப்பைத் தரும் டானின்கள் நிறைய உண்டு. நாம் உண்ணும் மாவுப்பொருளைக் குடலில் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியை, கொட்டைச் சாறு சோதனைக் குழாயில் தடுக்கிறது. நீரிழிவுக்குத் தரும் அகார்போஸ் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். ஆகவே நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. அலாக்ஸான் அல்லது ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுக் கணையத்தைக் கெடுத்த எலிக்கு, உடல் எடைக்குக் கணக்கிட்டு அடர் சாறு கொடுக்கிறார்கள். வயது, பருமன், பரம்பரை என்று பல காரணங்களால் வரும் இரண்டாம் வகை நீரிழிவு அந்த எலிக்கு இல்லை. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள், குறுகிய காலத்தவை.

கேள்வி: நாவல் இலைத் தேநீர் தினமும் குடிக்கிறேன். பலன் உண்டா?

பதில்: இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடியும். பிரேசிலில் இலைத் தேநீர் நீரிழிவுக்குப் பரவலாகக் குடிக்கப்பட்டது. அங்கேயே அதை முறையாகச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு நாவல் இலைத் தேநீர், இன்னொன்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் கிளைபியூரைடு (கிளிபென்கிளமைடு) மாத்திரை, மூன்றாவதற்கு மருந்துச் சத்தே இல்லாத வெறும் ஒப்பீட்டு மருந்து. மாத்திரைக் குழுவில் சர்க்கரை இறங்கியது. தேநீர்க் குழுவில் இறங்கவில்லை. சுவைக்காகக் குடிப்பதென்றால் குடியுங்கள்.

கேள்வி: நாவலில் ஆன்டிஆக்ஸிடன்ட் மிக அதிகம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் பெரிய எண்ணைப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

பதில்: எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் அந்த எண் மிரட்டாது. டிபிபிஎச் என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்தால் அடர் ஊதா நிறம் வரும். அதில் நாவல் தோலின் சாற்றைச் சில சொட்டுகள் விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்ததோ அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்று ஒளிமானியில் அளக்கிறார்கள். பார்க்க அழகான சோதனை. மாணவர்களுக்குச் சலிப்பதே இல்லை. ஆனால் அந்தக் குழாயில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை.

பழத்துக்குக் கருநீலம் தரும் ஆந்தோசயனின்கள் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. நாம் விழுங்குவதில் சிறு பகுதியே மாறாமல் இரத்தத்தை அடைகிறது. மீதியைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைத்து வேறு பொருட்களாக்குகின்றன. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை வரிசைப்படுத்திய 'ஓராக்' பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. விளம்பரங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தியதும், அந்த எண்கள் உடலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாததும் காரணங்கள். தோலோடு சாப்பிடுங்கள், நல்லது. எண்ணைப் பார்த்துக் குப்பி மாத்திரை வாங்காதீர்கள்.

கேள்வி: கொட்டைப் பொடியை வீட்டில் செய்வது எப்படி? அளவு என்ன?

பதில்: சதை ஒட்டாமல் கழுவி நிழலில் காய வையுங்கள். மேலே உள்ள காகிதம் போன்ற ஓடு உடைந்து வரும். உள்ளே பச்சை சாய்ந்த பருப்பு இருக்கும். அதை மறுபடி நன்றாகக் காய வைத்து இடியுங்கள். அவசரப்பட்டு அரைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வாடை மாறிய பொடியைக் கொட்டிவிடுங்கள். ஆயுர்வேத மருந்து நூலில் 3 முதல் 6 கிராம் வரை என்று இருக்கிறது. நீங்கள் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை 70க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும். பலனை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் பாருங்கள்.

கேள்வி: ஒரு பாக்கெட் நாவல் பொடியில் ஒரே வாரத்தில் 280 இருந்தது 130 ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பொடியைத்தான் முதலில் நிறுத்துங்கள். வெறும் கொட்டைக்கு இவ்வளவு வேகம் கிடையாது. 'மூலிகை' என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடைக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பாக்கெட்டை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு முதல் வகை நீரிழிவு. இன்சுலினுக்குப் பதில் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

கேள்வி: தாவர மருந்து எல்லாம் வெறும் நம்பிக்கை என்கிறார் என் மருத்துவர்.

பதில்: அவர் எழுதித் தரும் மாத்திரைகளின் பிறப்பை அவரிடமே கேளுங்கள். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிறது என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் வாய்வழி கொடுத்தால் குடலிலேயே சிதைந்துவிடும். அதன் அமைப்பை மாற்றி மாற்றித்தான் இன்றைய நீரிழிவு மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் வந்தது. மெட்ஃபார்மினுக்கும் ஒரு செடிதான் மூதாதை. நாவல் கொட்டை இன்னும் அந்தப் பாதையில் அதிக தூரம் போகவில்லை. அதைச் சொல்வது தாவரத்தை இழிவுபடுத்துவதாகாது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறேன். பொடியைச் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் இந்தத் துவர்ப்பு ஒத்துவராது.

கேள்வி: மிஞ்சிய கொட்டையை நட்டால் முளைக்குமா?

பதில்: உலர்த்தாத புதுக் கொட்டை முளைக்கும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள்கூட வரும்; வலுவான ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். காய்க்க ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். பொறுமை இல்லையென்றால் ஒட்டுக் கன்று வாங்குங்கள்.