சரிவகக் காணி எத்தனை பேர்ச்சஸ்?

கேள்வி: மகள் ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். புத்தகத்தில் 'ட்ரபீசியம்' என்று இருக்கும் உருவத்தை யூடியூப் வாத்தியார் 'ட்ரபீசோயிட்' என்கிறார். எது சரி? எங்கள் காணியும் அதே உருவம்தான். எத்தனை பேர்ச்சஸ் என்று நாங்களே கணக்குப் பார்க்கலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டும் சரி, நாடுதான் வேறு. ஒரு சோடிப் பக்கங்கள் மட்டும் சமாந்தரமாக உள்ள நாற்பக்கலை நாம் சரிவகம் என்கிறோம். பிரித்தானியருக்கு அது ட்ரபீசியம், அமெரிக்கருக்கு ட்ரபீசோயிட்.

மூலம் கிரேக்கம். 'ட்ரபேசா' என்றால் நாலு கால் மேசை. சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் எதிலும் சேராத நாற்பக்கல் எல்லாவற்றையும் பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 'சின்ன மேசை' என்ற பெயரில் போட்டுவிட்டார். பிறகு வந்த இன்னொரு கிரேக்க அறிஞர் புரோக்ளஸ், சமாந்தரப் பக்கம் உள்ளதை ட்ரபீசியம், இல்லாததை ட்ரபீசோயிட் என்று பிரித்தார். 1795இல் சார்ள்ஸ் ஹட்டன் (உங்கள் ஊர்க்காரர் அல்ல, இங்கிலாந்துக்காரர்!) வெளியிட்ட கணித அகராதியில் இரண்டும் தலைகீழாகிவிட்டன. பிரித்தானியர் பிறகு பழையபடி மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர் அப்படியே விட்டுவிட்டார்கள். மகள் பரீட்சையில் ட்ரபீசியம் என்றே எழுதட்டும். பெருவிரலின் அடியில் இருக்கும் மணிக்கட்டு எலும்புக்கும் அதே பெயர்தான். கிரீசில் இன்று 'ட்ரபேசா' என்றால் வங்கி: காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்த காலத்து மிச்சம்.

சரி, காணிக்கு வருவோம். சமாந்தரப் பக்கங்கள் இரண்டையும் கூட்டி, இரண்டால் பிரித்து, இடைத்தூரத்தால் பெருக்குங்கள். 48 அடி, 42 அடி, இடைத்தூரம் 42 அடி என்றால் 45 × 42 = 1890 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆக 6.94, ஏழுக்குக் கொஞ்சம் குறைவு.

இடைத்தூரம் என்பது சாய்ந்த வேலியின் நீளம் இல்லை, செங்குத்துத் தூரம். அதை இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் அது சரிவகமே இல்லை. மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணியாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும்.

நம் மலைப்பக்கத்தில் ஆட்கள் சறுக்குவது இன்னோரிடத்தில். டேப்பை நிலத்தோடு படுக்கவைத்து மேலிருந்து கீழே அளந்தால் அந்த 42 அடி 46 ஆகிவிடும். காணி காகிதத்தில் 7.6 பேர்ச்சஸாக வளரும்! நில அளவையாளர் கிடைத்தூரத்தைத்தான் எடுப்பார். நீங்களும் கீழே நிற்பவர் டேப்பைத் தூக்கி மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விழும் இடத்தில் முளை அடியுங்கள். சரிவு அதிகமென்றால் படிபடியாகத் துண்டு போட்டு அளந்து கூட்டுங்கள்.

இது வீட்டுக் கணக்குக்குத்தான். காணி உறுதி எழுத நில அளவையாளரின் வரைபடம் வேண்டும்.