குப்பத்துக்குச் சொந்தமாக இன்டர்நெட்: லைசென்ஸ் யார் பெயரில், கேபிள் யார் பெயரில்?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரம் பக்கம் எங்கள் குப்பம். 180 தலைக்கட்டு. ஒரே ஒரு ஆபரேட்டர்தான் ஒயர் இழுத்திருக்கிறார். காற்று பலமாக அடித்தால் நாலு நாள் நெட் இருக்காது, போன் போட்டாலும் எடுக்க மாட்டார். ஊர்க்கூட்டத்தில் பேசி, கூட்டுறவு மாதிரி நாமே நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். லைசென்ஸ் வாங்க வேண்டுமா? எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது? மாதக் கணக்கு கட்டுப்படியாகுமா? ஆறு மாதத்தில் படுத்துவிடுமோ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள், சார்.

பதில்: பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படுக்கிற இடம் அவர்கள் நினைக்கிற இடமாக இருக்காது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் லைசென்ஸ்.

இணையச் சேவை தர மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். ஏ பிரிவு நாடு முழுவதற்கும், பி பிரிவு ஒரு மாநில வட்டத்துக்கு, சி பிரிவு அதைவிடச் சிறிய வட்டாரத்துக்கு. சி பிரிவுக் கட்டணம் ஊர் தாங்கக்கூடியதுதான். சிக்கல் வேறு: கேட்பவர் கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனியாக இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ, கிராம நிர்வாகமோ விண்ணப்பிக்க முடியாது. கம்பெனியே தொடங்கி வாங்கினாலும், எந்த வாடிக்கையாளர் எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரியில் (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இருந்தார் என்ற பதிவை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், புலனாய்வு அமைப்புகள் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் உரிமம் என்பதே ‘அங்கீகாரம்’ என்று பெயர் மாறுகிறது. பெயர் மாறினாலும் பொறுப்பு குறையாது.

180 வீட்டுக்காக இதைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். லைசென்ஸ் வேறொருவருடையதாக இருக்கட்டும். கேபிள், கம்பம், வாடிக்கையாளர் கணக்கு, இந்த மூன்றும் ஊருடையதாக இருக்கட்டும். உரிமம் உள்ள ஒரு நிறுவனத்துக்கு நீங்கள் உள்ளூர்ப் பங்குதாரர். வீடு வரை கேபிளும் பழுது பார்ப்பதும் வசூலும் உங்கள் வேலை, வெளி உலகத்தோடு இணைப்பு அவர்கள் வேலை, வருமானத்தில் பங்கு. பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பு பல ஊர்களில் இப்படித்தான் உள்ளூர்க் கேபிள்காரர்கள் மூலம் ஓடுகிறது. கேரளாவில் சிறு கேபிள் ஆபரேட்டர்கள் ஒன்று சேர்ந்து கேரளா விஷன் என்ற சொந்தக் கம்பெனியையே கட்டினார்கள். கம்பிவழி இணையத்தில் இன்று நாட்டின் முன்னணி நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அவர்களுக்கு உரிமம் கட்டுப்படியானது, மாநிலம் முழுக்க ஆள் இருந்ததால். ஒரு குப்பத்தை வைத்து அந்தக் கணக்குப் போடக் கூடாது.

உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: முகத்துவாரத்துக்கு எந்தக் கரை? தென்கரை என்றால் நீங்கள் மாநகராட்சி. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி மூன்றும் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. வடகரையில் மீஞ்சூர் ஒன்றியத்துக் கிராம ஊராட்சி என்றால் கதை வேறு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகத்தான் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. ஊராட்சிக் கட்டடம் வரை அந்த இழை வந்திருந்தால் உங்கள் தூரம் பாதியாகக் குறையும். தென்கரைக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. ஒரே வலை, ஒரே கழிமுகம், ஆனால் கோப்பு இரண்டு அலுவலகத்தில். ஊராட்சியா மாநகராட்சியா என்று பார்த்த பிறகே யாரிடம் பேசுவது என்பதை முடிவு செய்யுங்கள்.

பதிவு விஷயம். கூட்டுறவுச் சங்கச் சட்டம், 1983-ன் கீழ் பதிவு செய்யலாம். பங்குதாரராக ஒப்பந்தம் போட அது போதும். ஆனால் பதிவாளர் அனுமதி, தேர்தல், தனி அலுவலர் என்று அந்த வண்டி எப்படி ஓடும் என்பது மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இணையம் அறுந்தால் அன்றைக்கே கேபிள் வாங்கியாக வேண்டும். தீர்மானத்துக்குக் காத்திருக்க முடியாது. என் யோசனை, பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கூட்டுறவு எங்கே போச்சு என்று கேட்பீர்கள். கம்பெனியின் சங்க விதிகளில் (கம்பெனி நடக்கும் முறையை எழுதிவைக்கும் ஆவணம்) அதைக் கொண்டுவரலாம்: பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று எழுதிக்கொள்ள பிரைவேட் கம்பெனிக்குச் சட்டம் இடம் தருகிறது. உறுப்பினர் உச்சவரம்பு 200. உங்கள் 180 வீடு அதற்குள் அடங்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பங்கு கொடுத்தால் அது ஒரே உறுப்பினராகத்தான் கணக்கு. அப்படியே கொடுங்கள், கடலுக்குப் போகிறவர் கூட்டத்துக்கு வர முடியாத நாளில் வீட்டம்மா வந்து ஓட்டுப் போடுவார். ஆடிட்டர் ஒருவரை முதல் நாளே பிடித்துவிடுங்கள், ஆண்டுக் கணக்குத் தாக்கல் தவறினால் அபராதம் நாள் கணக்கில் ஏறும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. ஒரே இணைப்பை வாங்கி ரவுட்டரிலிருந்து பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது உரிமம் இல்லாத மறுவிற்பனை. அந்தப் பத்தில் ஒருவர் இணையத்தில் ஏதாவது மோசடி செய்தால், போலீஸ் வந்து நிற்பது யார் பெயரில் இணைப்போ அவர் வாசலில். ஒவ்வொரு வீட்டுக்கும் அடையாளச் சான்றோடு தனிக் கணக்கு, நிறுவனத்தின் கணினியில் பதிவாக வேண்டும்.

பொதுவாகப் பகிர ஆசை என்றால் அதற்குச் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது: பிஎம்-வாணி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடையோ, ஏலக்கூடமோ வைஃபை வைத்துச் சிறு கட்டணத்துக்கு விற்கலாம். வைப்பவருக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். நடுவில் இருக்கும் ஒருங்கிணைப்பு நிறுவனம்தான் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கு ஃபைபர் இணைப்பு கேட்டால் கம்பெனிகள் முன்பு பெரிய விலை சொன்னார்கள். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுப்படி, 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான வீட்டுத் திட்டம் எதையும் வீட்டு விலையின் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் வைஃபை வைப்பவர்களுக்குத் தர வேண்டும். வலை பின்னும் கூடத்தில் இதை மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். லாபம் பெரிதாக வராது. ஊரில் யார் ஒழுங்காக வசூலிப்பார், யார் கணக்கெழுதுவார் என்பது தெரிந்துவிடும்.

இப்போது கேபிள். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் தவிர, ஊருக்குள் கரண்ட் கேட்கும் பெட்டி எதையும் வைக்காதீர்கள். இழைக்குள் ஒளியை அனுப்பும் ஓஎல்டி என்ற பெரிய பெட்டி நிறுவனத்தின் இடத்திலேயே இருக்கட்டும், அங்கே ஜெனரேட்டர் அவர்கள் பொறுப்பு. அங்கிருந்து உங்கள் ஊருக்கு இழை மட்டும் வரும். ஊருக்குள் அதைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஒரு இழையை 32 வீட்டுக்குப் பிரிக்கலாம். 120 வீடு சேர்ந்தால் நாலு இழை போதும், ஆனால் 12 இழை கேபிள் இழுங்கள். விலை வித்தியாசம் அற்பம். பின்னால் இழை அறுந்தால் பக்கத்து இழைக்கு மாற்றிக்கொண்டு போய்விடலாம்.

ஆள் வைத்து வேலை வாங்கும்போது நீங்கள் ஏமாறாமல் இருக்க இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள். ஓஎல்டியிலிருந்து ஒளி ஏறக்குறைய +3 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) அளவில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோமீட்டர் இழையில் 2.1 டெசிபல் போகும். முதலில் நாலாகவும் பிறகு எட்டாகவும் பிரிக்கும் இரண்டு ஸ்பிளிட்டரில் 17.7. நாலு கனெக்டரில் 2, எட்டு ஜாயின்ட்டில் 0.8. மொத்தம் 22.6. ஆக, வீட்டில் பவர் மீட்டர் −19.6 அளவில் காட்ட வேண்டும். −24, −25 என்று காட்டினால் வழியில் எங்கோ ஜாயின்ட் சரியில்லை, அல்லது கேபிளை இறுக்கி மடித்துக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுப் பெட்டிகள் பொதுவாக −27 வரைதான் தாங்கும். “நெட் வருது சார், ஓகே சார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று வரும், முதல் மழையில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிய பிறகே பணம் கொடுங்கள். பவர் மீட்டரும், அறுந்த இடம் காட்டும் சிவப்பு லேசர் பேனாவும் ஊருக்குச் சொந்தமாக வாங்க வேண்டியவை. இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினை வாங்க வேண்டாம், ஜாயின்ட்டுக்கு இவ்வளவு என்று மெஷினோடு வந்து போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

உப்புக் காற்றை மறந்துவிடாதீர்கள். சாதா இரும்புக் கிளாம்ப் உங்கள் ஊரில் சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும். 316 தர ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படியும் பக்கம் என்றால் ஜாயின்ட் பெட்டியின் ரப்பர் வளையத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கம்பம், பாதை உரிமை. மின்வாரியக் கம்பத்தில் சும்மா கட்டினால் ஒரு நாள் அறுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், கேட்க முடியாது. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய வழியுரிமை விதிகளின்படி சாலையோர அனுமதியை உரிமம் உள்ள நிறுவனம்தான் கேட்க முடியும். அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் அவர்கள் தலையில் எழுதுங்கள். ஊருக்குள் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011-ல் தொடங்கிய பி4ஆர்என் என்ற கிராமத்து இணைய அமைப்பு இதைத்தான் செய்தது: விவசாயிகள் வயல் வழியாகக் கேபிள் போக இலவசமாக விட்டார்கள், ஊர்க்காரர்களே மண்வெட்டி எடுத்தார்கள், பணத்தைப் பங்காகப் போட்டார்கள். பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத இடத்தில் அவர்களுக்குக் கட்டுப்படியானது பாதைக்குக் காசு கொடுக்காததால்தான். உங்கள் ஊரிலும் சுவரில் கொக்கி அடிக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரியில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் முதலில் வெட்டப்படுவது கேபிள்தான்.

மாதக் கணக்கு. ஓர் உதாரணத்துக்கு 120 வீடு, வீட்டுக்கு 400 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய். வரியைக் கழித்தால் வசூல் 48,000. நிறுவனத்துக்குப் பாதி என்றால் ஊருக்கு 24,000. முழுநேரப் பையன் ஒருவனுக்கு 15,000. மிச்சம் 9,000. அதில் 4,000 ரூபாயை மாதாமாதம் தனி வங்கிக் கணக்கில் புயல் நிதியாகப் போட்டுவிடுங்கள். மீதி 5,000-ல்தான் ஜாயின்ட், டிராப் ஒயர் (வீட்டுக்குள் இழுக்கும் கடைசி ஒயர்), ஆடிட்டர் எல்லாம். இழுபறிதான், ஆனால் ஓடும். 90 வீடாகக் குறைந்தால் பங்கு 18,000. சம்பளம் கொடுத்தால் மிச்சம் 3,000, புயல் நிதிக்கே போதாது, மாற்று ஒயர் வாங்கக் காசிருக்காது. அதனால் 120 வீடு முன்பணம் கட்டாமல் கம்பம் நடாதீர்கள்.

படுக்கிற இடம் என்று சொன்னேனே, அது ஏப்ரல் 15-ல் வருகிறது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகுக்குக் கூலி போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதம் 472 ரூபாய் வராது. நிறுவனமோ முன்கூட்டியே உங்கள் வாலட்டிலிருந்து (நீங்கள் பணம் போட்டு வைக்கும் கணக்கு) தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இணைப்பைப் புதுப்பிக்கும். 30 வீட்டுக்கு நீங்கள் கடன் விட்டால் வீட்டுக்கு 200 பங்கும் 72 வரியும் சேர்த்து மாதம் 8,160, இரண்டு மாதத்துக்கு 16,320 ரூபாய் கையிலிருந்து போகும். தை, மாசியில் மீன்பாடு இருக்கும்போதே தடைக்கால மாதங்களுக்கான பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்துவிடுங்கள்.

வசூலை இளைஞர்களிடம் விடாமல் மகளிர் குழுவிடம் கொடுங்கள். நிர்வாகி வீட்டுக்கு இலவச இணைப்பு கிடையாது, ஒருவருக்கும் கிடையாது. பழவேற்காட்டில் பாடு முறையில், அதாவது மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பங்கிடுவதில், யாருக்கு எந்த நாள் என்று குலுக்கி வைத்துவிட்டால் பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை, அது மாதிரி. முதல் இலவச இணைப்பைக் கொடுத்த மாதமே மற்றவர்கள் பாக்கி வைக்க ஆரம்பிப்பார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, கேபிளும் கம்பமும் ஊர்க் கம்பெனியின் சொத்து. இரண்டு, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வேறு நிறுவனத்துக்கு மாறலாம். மூன்று, இரவு 8 முதல் 11 வரை ஊருக்கென 300 எம்பிபிஎஸ் குறையாமல் வர வேண்டும். 120 வீட்டுக்கு வீட்டுக்கு 2.5 என்ற கணக்கு அது, எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. இரண்டாவதுக்கு அவர்கள் முரண்டு பிடிப்பார்கள். பிடித்தால் அடுத்த நிறுவனத்திடம் பேசுங்கள், எண்ணூரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல வந்தால் என்ன ஆகும் என்று யாராவது கூட்டத்தில் கேட்பார்கள். கம்பம் சாய்ந்தால் நெட் போகும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் அரை கிலோமீட்டர் உபரிக் கேபிளைச் சுருளாகச் சுற்றி உயரமான கட்டடத்தில் வைத்திருந்தால், தண்ணீர் வடிந்த அன்றே இழுத்துவிடலாம். வீட்டுப் பெட்டிகளுக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் உண்டு. எல்லா வீட்டுக்கும் முடியாவிட்டால் ஊர்ப் பொதுக் கூடத்திலும், டயாலிசிஸுக்குப் போகிறவர், பிரசவத்துக்குக் காத்திருப்பவர் இருக்கும் வீடுகளிலும் முதலில் வையுங்கள்.