துவளும் அசோகத் தளிர்

கேள்வி: பெரிய மாமரத்தின் பக்கத்தில் அசோகக் கன்று ஒன்று நட்டிருக்கிறோம். புதுத் தளிர் விடும்போதெல்லாம் செம்பு நிறத்தில் கொத்தாகத் துவண்டு தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. நிழல் ஒத்துக்கொள்ளவில்லையா? பிடுங்கி வெயிலில் நடலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. நல்ல இடத்தில்தான் நட்டிருக்கிறீர்கள். தளிர் துவள்வது அசோக மரத்தின் இயல்பு. நர்சரிகளில் அசோகம் என்று சொல்லி நெட்டிலிங்கத்தைத் தந்துவிடுவது உண்டு. உங்களுடையது அசலாகத்தான் தெரிகிறது; கொத்தாகத் துவண்டு தொங்கும் தளிர் அதற்கு ஓர் அடையாளம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், ஓடைக்கரையோரம், உயர்ந்த மரங்களுக்கு அடியில் வளர்கிற மரம் இது. பத்து மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அந்த மங்கிய வெளிச்சத்தில் ஓர் இலையை உருவாக்குவதே பெரும்பாடு. பூச்சிகளுக்கோ இளந்தளிர்தான் பிடிக்கும். அதனால் இப்படிப்பட்ட மரங்கள் பல, இலை விரிந்து தடிக்கும்வரை அதில் பச்சையத்தை நிரப்புவதைத் தள்ளிப்போடுகின்றன. கடிபட்டாலும் நஷ்டம் கொஞ்சம்தான் என்பது தாவரவியலாளர்கள் தரும் விளக்கம். உங்கள் மாமரத்தின் தளிரையே பாருங்கள், அதுவும் செம்பு நிறத்தில் தொங்கிவிட்டுத்தான் நிமிரும்.

முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் மட்டும் கவலைப்படுங்கள். ஈரம் போதவில்லை, அல்லது வெயில் அதிகம் என்று பொருள். மாஞ்சருகை அடியில் மூடாக்காகப் போட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம், பூக்கும் காலத்தில் கிட்டே போய்ப் பாருங்கள். பழைய கிளைகளிலும் அடிமரத்திலும்கூடக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் இருக்கும். பூ முதிர முதிரச் சிவக்கிறது. ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் அல்லி இதழே கிடையாது. இதழ் போல விரிந்திருக்கும் நான்கும் புல்லிகள். அவற்றைத் தாண்டி நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்கள்தான் அத்தனை அழகுக்கும் காரணம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மரம் பெருத்ததும் மருந்துக்குப் பட்டை கேட்டு ஆள் வரலாம். கொடுக்காதீர்கள். சுற்றிலும் உரித்துவிட்டால் இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது; மரம் பட்டுப்போகும். காடு அழிந்ததும் பட்டைக்காக வெட்டியதும் சேர்ந்து, இன்று இது, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில், அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இருக்கிறது. கேட்பவர்களுக்கு விதை கொடுங்கள். காய் முற்றி வெடித்ததும், விதை காய்வதற்குள் ஊன்றிவிடச் சொல்லுங்கள்.