சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்குச் சளியும் இருமலும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? ஒரு முறை வந்தால் எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடாதா?

அம்மாவின் சிறுநீரகத்தை எனக்குப் பொருத்தி ஏழு வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் மட்டும் மூன்று முறை சளி. நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

நல்ல உடம்புக்காரர்களுக்கே அந்தச் சக்தி முழுதாக உண்டாவதில்லை. சளி பிடிக்க வைக்கும் ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். ஒன்று போனால் அடுத்தது வரும். எங்கள் கதை இன்னும் மோசம். நாங்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்று மருந்துகளும், புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்கிவிடாமல் வெள்ளணுக்களை அடக்கி வைக்கின்றன. வைரஸை விரட்ட வேண்டியதும் அதே வெள்ளணுக்கள்தான். என் பையனுக்கு ஐந்து நாளில் போகிற சளி எனக்கு மூன்று வாரம் நிற்கும். சில சமயம் மறுபடி வந்ததாக நாம் நினைப்பது, பழையதே போகாமல் கிடந்ததாக இருக்கும்.

காய்ச்சலை வைத்து எடை போடாதீர்கள், ஸ்டீராய்டு அதை மறைத்துவிடும். எனக்கு நிமோனியா வந்தபோது தெர்மாமீட்டர் 99-ஐத் தாண்டவே இல்லை. மாடிப்படியில் மூச்சு வாங்கியபோதுதான் சந்தேகம் வந்தது.

ஆனால் நான் பெரிதாக அடிபட்டது சளியால் அல்ல, மருந்தால். இருமல் என்று சொன்னதும் தெருமுனை மருந்துக்கடையில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, அது ஒரு பக்கம். நான்காம் நாள் காலை காபி டம்ளரை எடுத்தால் கை நடுங்கி டவராவில் கடகடவென்று அடிக்கிறது. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் (சுருக்கமாக டாக்ரோ) அளவு 21. எனக்கு டாக்டர் வைத்திருக்கும் வரம்பு 5 முதல் 8. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.9-க்கு ஏறியிருந்தது. டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் என்சைமை அந்த மாத்திரை முடக்கிவிடுமாம். கோவிட் மருந்தான பாக்ஸ்லோவிடில் இருக்கும் ரிட்டோனாவிர் இதையே இன்னும் பலமாகச் செய்யும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் பக்கமும் போகாதீர்கள். சளி பிடித்துவிட்டதே என்று டாக்ரோவை நீங்களாகவே குறைப்பது அதைவிட ஆபத்து.

இப்போது தொண்டை கரகரத்த அன்றே மாற்று சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்துவிடுகிறேன். ஃப்ளூவாக இருந்தால் ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, அளவையும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வருடா வருடம் ஃப்ளூ ஊசி எனக்கு மட்டும் அல்ல, வீட்டில் எல்லோருக்கும். எங்கள் உடம்பில் தடுப்பூசி அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

கல்யாணங்களுக்கு மாஸ்க்கோடு போய், முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது அம்மாவின் பொறுப்பு.