குளச்சல் அக்கா கேட்ட ஸ்டெப்பர் மெஷின் கேள்வி: எங்க வைக்கணும், எப்படி மிதிக்கணும், முட்டு வலி கூடாம இருக்க என்ன செய்யணும்

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வயசு 54, எடை 72 கிலோ, சுகருக்கு மாத்திரை போடுறாங்க. படி ஏறி இறங்கும்போது வலது முட்டு முன்பக்கமா வலிக்கும். மஸ்கட்டுல வேலை பாக்குற மகன் ஆன்லைன்ல ஒரு மினி ஸ்டெப்பர், அதாவது நின்ன இடத்துலயே ரெண்டு பெடல மாறி மாறி மிதிக்கிற சின்ன மெஷின், ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கான், அம்மா வீட்டுக்குள்ளயே உடற்பயிற்சி செய்யட்டும்னு. ரெண்டு மூணு நாள் மிதிச்சதும் முட்டு வலி கூடிடுச்சு, மெஷின் டைல்ஸ்ல நகருது, டக்கு டக்குன்னு சத்தம் வேற. மகன் லீவுல வரும்போது எல்லாரும் சேந்து சிதறால் மலை ஏறணும்னு ஆசை, அதுக்குள்ள கால் பழகுமா, இதுல தொடர்ந்து மிதிக்கலாமா, இல்ல தூக்கி பரண்ல போட்டுடவான்னு கேக்குறாங்க. இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்ச அவங்க வீட்டுக்காரரும் இத பயன்படுத்தலாமான்னு கடைசியா ஒரு கேள்வி.

அக்கா, பரண்ல போட வேண்டாம். மெஷின்ல கோளாறு இல்லன்னுதான் நினைக்கேன், செட்டிங்ல தான் இருக்கு. ஒரு பிசியோதெரபிஸ்டா நான் பாக்குற முட்டு வலிக்காரங்கள்ல பாதிப் பேரு எவ்வளவு நேரம் மிதிச்சோம், எத்தன படி ஆச்சு, இததான் கணக்கு வச்சிருப்பாங்க. ஆனா முட்டுக்கு தெரியறது நேரம் இல்ல, பெடல் எவ்வளவு ஆழம் இறங்குது, அதுக்காக கால் எவ்வளவு மடங்குது, அதுதான். நிஜப் படி ஏறும்போதே முட்டுச் சிரட்டைக்கு பின்னால விழுற அழுத்தம் உடம்பு எடைய போல சுமார் மூணு மடங்கு வரும், கால் எவ்வளவு மடங்குதோ அவ்வளவு அது கூடும். புது மெஷின பெட்டிய பிரிச்சு அப்படியே ஏறி நின்னா பெரும்பாலும் பெடல் முழு ஆழத்துக்கு இறங்குற மாதிரிதான் இருக்கும், அதுல ஏற்கனவே வலி இருக்க முட்டு முதல் நாளே தாங்காது. நீங்க கேக்குற டக்கு சத்தமும் எனக்கு தெரிஞ்சு அதேதான், பெடல் அடி வரைக்கும் போய் ஃப்ரேம்ல முட்டுது. ஒவ்வொரு தடவ முட்டும்போதும் அந்த அதிர்ச்சி நேரா காலுக்குத்தான் வரும்.

அதனால முதல் வேலை, உயரத்த குறைக்கிறது. பெரும்பாலான மினி ஸ்டெப்பர்ல ரெண்டு பெடலுக்கும் நடுவுல முன்பக்கமா ஒரு பெரிய பிளாஸ்டிக் திருகு இருக்கும், அத ஒரு பக்கமா திருகினா பெடல் ஏறி இறங்குற தூரம் கூடும், மறுபக்கம் திருகினா குறையும். எந்தப் பக்கம்னு கூட வந்த சின்ன புக்குல படம் இருக்கும், இல்லன்னா கையால பெடல அமுக்கிப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம். ஆரம்பத்துல அரை அடிக்கு கீழ, நாலு அஞ்சு இஞ்சு இறங்கினா தாராளம். இவ்வளவு சின்னதா மிதிச்சா என்ன பலன்னு தோணும், ரெண்டு வாரம் அப்படியே போங்க, தொடை தானா சொல்லும். சில மாடல்ல உயரத்துக்கு திருகே இருக்காது, பிஸ்டன்ல இறுக்கம் மாத்துற வளையம் மட்டும் இருக்கும், அப்படின்னா பெடல அடி வரைக்கும் விடாம பாதியிலயே மறுகாலுக்கு மாத்திப் பழகணும்.

பிஸ்டன் விஷயம் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா நல்லது. ரெண்டு பெடலுக்கு அடியிலயும் கருப்பா உருளையா இருக்கு பாருங்க, உள்ள எண்ணெய். நீங்க மிதிக்கும்போது அந்த எண்ணெய் சின்ன ஓட்டை வழியா நெருக்கிக்கிட்டுப் போகும், அதுதான் உங்களுக்கு பாரமா தெரியுது. வேகமா மிதிச்சா இறுக்கம் கூடும், பைய மிதிச்சா லேசா இருக்கும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க எண்ணெய் சூடாகி நீர்த்துப் போகும், அப்போ பெடல் சடசடன்னு இறங்க ஆரம்பிக்கும், நம்ம காலுக்கு பலம் வந்துட்டுன்னு தோணும், உண்மையில மெஷின் களைச்சிருக்கு. வீட்டு மாடல் பலதுல ஒரே மூச்சுல 15, 20 நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு கம்பெனியே போட்டிருக்கும். நிறுத்தினதும் அந்த உருளைய தொடாதீங்க, நல்லா சுடும், பேரப்பிள்ளைங்க வீட்டுல இருந்தா அது ஆறுற வரைக்கும் அந்த ரூம் கதவ சாத்தி வைங்க. பெடலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல குழந்தை விரல வச்சிட்டு மேல இன்னொரு குழந்தை ஏறி நின்னா விரல் நசுங்கிடும், இத நான் எல்லார்ட்டயும் ரெண்டு தடவ சொல்லுவேன்.

நகருதுன்னு சொன்னீங்கல்ல, டைல்ஸ் மேல நேரா வச்சா நகரத்தான் செய்யும், அடியில இருக்க சின்ன ரப்பர் மூடி போதாது. யோகா பாய் போடாதீங்க, அது மெத்துன்னு அமுங்கி மெஷின் சாயும். நம்ம ஊர்ல மாட்டுத் தொழுவத்துல போடுற கட்டி ரப்பர் மேட் கிடைக்கும், அத மெஷின விட நாலு பக்கமும் அரை அடி கூட வர்ற மாதிரி வெட்டி வாங்குங்க, வழுக்காது, சத்தமும் குறையும். வெளி சிட்அவுட்லயோ மொட்டை மாடியிலயோ வைக்க வேண்டாம், அங்க தரை தண்ணி வடியுறதுக்குன்னே சரிவா போட்டிருப்பாங்க, கண்ணுக்கு தெரியாது ஆனா மெஷின் ஒரு பக்கமா ஆடும். மழை நமக்கு ரெண்டு பருவத்துலயும் உண்டு, சாரல் அடிச்ச பெடல்ல ஏறினா விழுறது நிச்சயம்.

ரூமுக்குள்ள எங்கன்னா, முன்னால கைக்கு எட்டுற தூரத்துல ஜன்னல் கம்பியோ சுவரோ இருக்கணும். பிளாஸ்டிக் சேர முன்னால போட்டு அத பிடிச்சுக்கிட்டு மிதிக்கிறத நிறைய வீட்டுல பாத்திருக்கேன், தடுமாறினா சேரும் சேந்து சரியும், அது பிடிமானமே இல்ல. பின்னால மூணடி காலியா விடுங்க, இறங்குறது பின்பக்கமாத்தான். மேல ஃபேன் எங்க இருக்குன்னு பாருங்க, குறிப்பா பழைய ஓட்டு வீட்டுலயும் தட்டு போட்ட ரூம்லயும் ஃபேன் தாழ இருக்கும், மெஷின்ல ஏறினா நீங்க முக்கால் அடி உயருவீங்க, கூட வந்த ரப்பர் கயிற பிடிச்சு கைய தலைக்கு மேல தூக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஃபேனுக்கு நேர் கீழ வேண்டவே வேண்டாம். அந்த ரப்பர் கயிறும் முதல் மாசம் வேண்டாம், கழட்டி வைங்க, ரெண்டு கையும் பிடிக்க காலியா இருக்கட்டும்.

நட்டு போல்ட் மாட்டும்போது ஒண்ண முழுசா இறுக்கிட்டு அடுத்தத மாட்டக் கூடாது, எல்லாத்தையும் கையால பாதி மாட்டிட்டு, மெஷின தரையில நிறுத்தி ஆட்டிப் பாத்துட்டு, அப்புறம் ஸ்பேனரால இறுக்கணும். ஒரு வாரம் மிதிச்ச பிறகு திரும்ப ஒரு தடவ இறுக்குங்க, புதுசுல கொஞ்சம் தளரும். ரெண்டு பெடலையும் இணைக்கிற கம்பிக் கயிறு இருந்தா அதுல இழை ஏதும் பிரிஞ்சு நிக்குதான்னு மாசம் ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாருங்க, அது அறுந்தா ரெண்டு பெடலும் ஒரே நேரத்துல கீழ போயிடும்.

குளச்சல்னதால இன்னொண்ணு, உப்புக்காத்து. கடற்கரை வீட்டுல இரும்பு என்ன பாடுபடும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மிதிச்சு முடிச்சதும் வியர்வைய உலர்ந்த துணியால தொடைங்க, வியர்வையிலயும் உப்புதான். பெடல் அச்சுல கிறீச் சத்தம் வந்தா தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் விடாதீங்க, நாள் ஆனா பிசினா ஒட்டிக்கிட்டு தூசியெல்லாம் சேத்து வைக்கும். கால் வைக்கிற இடத்துல எந்த எண்ணெயும் படக்கூடாது. பிஸ்டன்ல இருந்து எண்ணெய் கசிஞ்சு மேட்ல கறை விழுந்துச்சுன்னா அதோட நிறுத்திடுங்க, அது வீட்டுல சரி பண்ற வேலை இல்ல, வாரண்டி பில்ல தேடி எடுங்க.

இப்போ மிதிக்கிறது. நைட்டி போட்டுக்கிட்டு ஏறாதீங்க அக்கா, இத நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன். வீட்டுல நம்ம பெண்கள் எல்லாரும் நைட்டியிலதான் இருப்பாங்க, ஓரம் பெடலுக்கு அடியில மாட்டிச்சுன்னா ஆள அப்படியே முன்னால இழுத்துடும். சுடிதார் பேன்ட்டோ டிராக் பேன்ட்டோ போடுங்க, துப்பட்டா வேண்டாம். ரப்பர் செருப்பும் வேண்டாம், வெறும் காலும் வேண்டாம், லேஸ் கட்டுற ஷூ. சுகர் இருக்கவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா கொப்புளம் வந்ததே தெரியாது, அதனால மிதிச்சு முடிச்சு ஷூவ கழட்டினதும் பாதத்தையும் விரல் இடுக்கையும் ஒரு தடவ பாத்துடுங்க.

ஏறும்போது எந்த பெடல் கீழ கிடக்கோ அதுல முதல் கால், முன்னால கம்பிய பிடிச்சுக்கிட்டு அப்புறம் மறுகால். இறங்கும்போதும் அதே மாதிரி, ஒரு பெடல முழுசா கீழ இறக்கி அதுல எடைய போட்டு நின்னுக்கிட்டு மேல இருக்க கால பின்பக்கம் தரையில வைங்க. அவசரமா ஃபோன் அடிக்குதுன்னு குதிச்சு இறங்கினா விபத்துதான். பாதம் முழுசும் பெடல்ல இருக்கணும், குதிகால் தூக்கிக்கிட்டு முன்பாதத்துல நின்னா பத்து நிமிஷத்துல விரல் மரத்துப் போகும், முட்டுக்கும் பாரம் கூடும். முட்டு உள்பக்கமா சாயாம கால் ரெண்டாவது விரலுக்கு நேரா போகுதான்னு கண்ணாடி வச்சுப் பாருங்க. கால் நேரா வரும்போது முட்ட பூட்டுற மாதிரி விறைப்பா நீட்டாதீங்க. கம்பிய தொட்டுக்கிட்டா போதும், உடம்ப அதுல தொங்கப் போட்டா கால் செய்ய வேண்டிய வேலைய கை செய்யும், நடுமுதுகும் வளையும்.

நேரம்னா, முதல்ல வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம் நட, அப்புறம் 2 நிமிஷம் மிதி, 1 நிமிஷம் நில்லு, இப்படி மூணு தடவ, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த வாரம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு நிமிஷம் கூட்டலாம். மிதிக்கும்போது பக்கத்துல இருக்கவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். மிதிக்கும்போது லேசா வலிச்சு நிறுத்தினதும் அடங்கிட்டா பயப்பட வேண்டாம், ஆனா மறுநாள் காலையில வலி கூடியிருந்தா இல்ல முட்டு வீங்கியிருந்தா நேத்து செஞ்சது அதிகம், உயரத்தையோ நேரத்தையோ குறைங்க. முட்டு பூட்டிக்கிட்டா, நடக்கும்போது கால் மடங்கி விழப் பாத்தா, மெஷின விட்டுட்டு எலும்பு டாக்டர பாருங்க. வலி இல்லாத வெறும் நொறுக்கு சத்தத்துக்கு பதற வேண்டாம். மெஷின்ல இருக்க கலோரி மீட்டர நம்பாதீங்க, உங்க எடை என்னன்னே அதுக்கு தெரியாது. மிதமா 15 நிமிஷம் மிதிச்சா உங்க எடைக்கு சுமாரா 70ல இருந்து 100 கலோரி வரும், சாயாவோட ஒரு பழம்பொரி சாப்பிட்டா அதவிட கூட உள்ள போயிடும்.

சுகர் மாத்திரையில சிலது, கிளிமிப்ரைடு மாதிரி, உடற்பயிற்சியோட சேந்தா சுகர ரொம்ப கீழ இறக்கும், இன்சுலினும் அப்படித்தான். உங்க மாத்திரை எந்த வகைன்னு டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க. மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி சுகர் 100க்கு கீழ இருந்தா ஒரு மட்டி வாழைப்பழம் சாப்பிட்டுட்டு ஏறுங்க. மிதிக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, தலை சுத்தினா உடனே இறங்கி மூணு ஸ்பூன் சீனி தண்ணில கலக்கி குடிங்க, பழம் சாப்பிட்டா ஏற நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு சீனிதான்.

சிதறால் விஷயத்துக்கு வரேன். இந்த மெஷின் ஏறப் பழக்கும், இறங்கப் பழக்காது, இத யாரும் விக்கும்போது சொல்றதில்ல. சிதறால்ல கல் பாவின சரிவுப் பாதை, மேல ஏறும்போது மூச்சு வாங்கும், அத ஸ்டெப்பர் கொஞ்சம் தயார் பண்ணிடும், ஆனா முட்டு படுத்துறது திரும்பி வரும்போதுதான், அப்போ தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு எடைய பிடிச்சு நிறுத்தணும். மாத்தூர் தொட்டிப்பாலத்துல இருந்து படி இறங்கி ஆத்துப் பக்கம் போயிருந்தீங்கன்னா நான் சொல்றது புரியும், கீழ வந்து சேரும்போது தொடை நடுங்கும். அதனால மிதிக்காத நாள்ல ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, சேர்ல இருந்து கை ஊனாம எழுந்து, நாலு எண்ணிக்கிட்டே பைய உக்காருறது, 8 தடவ, ரெண்டு சுத்து. ரெண்டாவது, வீட்டு வாசல் கடைசிப் படியில கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு படி மெதுவா இறங்கி ஏறுறது. வலி இருக்க வரைக்கும் ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற வலது கால் முதல்ல. மலைக்கு போற அன்னைக்கு ஒரு கம்பு கையில இருக்கட்டும், அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டு மூணு மாசம் இப்படி செஞ்சா தைரியமா போய்ட்டு வரலாம்.

நாகர்கோவில்ல ஜிம்ல இருக்க பெரிய, சுத்திக்கிட்டே இருக்க படி மெஷின் வேற ரகம். அது தானா ஓடும், நீங்க ஈடு கொடுக்கணும். இப்போதைக்கு அதுல ஏறாதீங்க, என்னைக்காவது ஏறினா நின்ன மெஷின்லதான் ஏறணும், நின்ன பிறகுதான் இறங்கணும், சிவப்பு ஸ்டாப் பட்டன் எங்கன்னு முதல்லயே பாத்து வைங்க. கரண்ட் போனா சட்டுன்னு நிக்கலாம், ஒரு கை எப்பவும் கம்பில இருக்கட்டும்.

கடைசியா உங்க வீட்டுக்காரர், அண்ணன் விஷயம். ஸ்டென்ட் வச்சவங்க உடற்பயிற்சி செய்யக்கூடாதுன்னு இல்ல, செய்யணும், ஆனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டென்ட் வச்ச டாக்டர்ட்ட கேட்டு, அவர் சொன்னா டிஎம்டி டெஸ்ட் (ட்ரெட்மில்ல நடக்க வச்சு இதயத்த பாக்குற டெஸ்ட்) எடுத்துட்டுத்தான் மிதிக்கணும். இதய துடிப்ப குறைக்கிற மாத்திரை போடுறவங்களுக்கு வாட்ச்ல காட்டுற நாடித்துடிப்பு கணக்கு ஒத்து வராது, பேச முடியுதாங்கிறத மட்டும் வச்சு வேகத்த முடிவு பண்ணணும். அவரோட எடைய பாத்துட்டு மெஷின் அடியில ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல எத்தன கிலோ வரைக்கும்னு பாருங்க, நிறைய மினி ஸ்டெப்பர் 100 கிலோ பக்கத்துலயே நின்னுடும். சாப்பிட்டதும் ஏற வேண்டாம், ரெண்டு மணி நேரம் போகட்டும், தனியா வீட்டுல இருக்கும்போதும் வேண்டாம். நெஞ்சு இறுக்கம், தாடையிலயோ இடது கையிலயோ வலி, திடீர் வியர்வை, இதுல எது வந்தாலும் கேஸ் டிரபிள்னு சொல்லி சோடா குடிக்க விடாதீங்க, உக்கார வச்சு 108க்கு அடிங்க. டாக்டர் சம்மதம் கிடைக்கிற வரைக்கும் அவர் காலையில வீட்டுக்கு முன்னால சமதரையில நடக்கட்டும்.